பூனைக்கடியும் பக்கத்து வீட்டுத் தொட்டியும்

"தொப்புளைச் சுத்திப் போட்டாங்களா?"

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். கை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஆமாம், தொப்புளைச் சுற்றித்தான் போட்டார்கள். வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது ஊசிக்காக இல்லை. எங்கள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், பார்க்க அத்தனை லட்சணமாக நின்ற ஒரு தொட்டிச் செடிக்காக. பூனை வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

தொண்ணூறுகளின் கடைசி. நானும் என் கணவர் சேகரும் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் முதல் மாடிக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு வரைபடப் பிரிவில் வேலை, அவருக்கு மின்சாரப் பிரிவில். அங்கே மண்ணின் மைந்தர் என்று யாரும் கிடையாது. திருநெல்வேலி, தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் எல்லோரும். தீபாவளி, பொங்கல் வந்தால் பாதி டவுன்ஷிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கிளம்புகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பார்கள், பாலை நிறுத்தச் சொல்வார்கள், செடிகளை ஒப்படைப்பார்கள். சாவியை மறந்தாலும் மறப்பார்கள், செடியை மறக்க மாட்டார்கள். கடல் காற்றின் உப்பில் வெளியே வைத்த செடிகள் கருகிப் போகும் என்பதால், ஆசைப்பட்டு வளர்க்கும் செடிகள் எல்லாம் அங்கே வீட்டுக்குள்தான் இருந்தன. பிள்ளையை விட்டுவிட்டுப் போவது போல ஆயிரம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தத் தீபாவளிக்குக் கீழ் வீட்டு பானுமதி கோயம்புத்தூர் போகும்போது எங்களிடம் மூன்று தொட்டிகளைக் கொடுத்தாள். இரண்டில் மணி பிளாண்ட் கொடி. மூன்றாவது இடுப்புயரம் இருந்தது. அகலமான பச்சை இலைகள், அவற்றின் மேல் பாலைத் தெளித்துவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள். பெயர் கேட்டேன்.

"பேரெல்லாம் யாருக்குத் தெரியுமுங்க விஜயாக்கா. ஷோ செடிங்கோ. வெயில்ல மட்டும் வச்சிடாதீங்க" என்றாள்.

ஷோ செடியை ஷோவாக வைக்க வேண்டாமா? டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். இலைகளை ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன். எங்கள் வீட்டுக்கு ஒரு களை வந்துவிட்டதாக சேகர்கூடச் சொன்னார்.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர சுந்தரி இருந்தாள். வெள்ளையில் இஞ்சி நிறத் திட்டுப் போட்ட பூனை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் கஸ்தூரி ஒருநாள் கூடையின் மேல் துணிக்குள் வைத்துத் தூக்கி வந்து, "வச்சிக்கோமா, எலி புட்ச்சிகினு கெடக்கும்" என்று இறக்கிவிட்டுப் போனாள். சுந்தரி ஒரு எலியையும் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. கஸ்தூரியின் குரல் தெருமுனையில் கேட்கும்போதே மாடிப்படியில் போய் நிற்பாள். மற்ற நேரம் கீழே புல்லில் புரள்வாள், இரண்டு வாய் புல்லைக் கடிப்பாள். பூனைகள் வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ளப் புல் தின்னும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. சுந்தரி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். வெளியே புல் தண்ணீரில் மூழ்கியிருந்தது. உள்ளே பச்சையாக இருந்தவை பானுமதியின் தொட்டிகள் மட்டும்தான். இந்தக் கணக்கு அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் காலையில் சுந்தரி சமையலறை வாசலில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். எச்சில் நூலாக இறங்கி நெஞ்சு மயிரை நனைத்திருந்தது. முன்காலால் வாயை வழித்துக்கொண்டே இருந்தாள். மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தண்ணீர்க் கிண்ணத்தில் நாக்கை வைத்தவள் சட்டென்று பின்வாங்கினாள். என்னைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

மீன் முள் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து விரலை விட்டேன். என் கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பு வரைக்கும் போகிற மாதிரி ஒரு கடி. மூன்று வருஷம் என் தலையணையில் தூங்கிய பூனை அது. கடித்துவிட்டு சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாள் காலையில் கை பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. டவுன்ஷிப் டாக்டர் கையைப் பார்த்ததைவிடப் பூனையைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். எச்சில் வடிகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த ஊசி தன்னிடம் இல்லை என்றும், உடனே செங்கல்பட்டுக்குப் போய்விடுங்கள் என்றும் சொன்னார்.

திருக்கழுக்குன்றம் வழியாகக் காரில் போனோம். மழையில் வைப்பர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு பெண் மருத்துவர். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல், எதையும் மறைக்காமல் பேசுகிறவர். எனக்கு இரண்டு பிரச்சினைகள் என்றார். ஒன்று, பூனைப் பல் ஊசி மாதிரி. அது போடும் ஓட்டை மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வீக்கம். அதற்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும். இரண்டாவதைச் சொல்வதற்கு முன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"முள்ளு மாட்டியிருக்குன்னு நெனச்சுத்தான வாய்க்குள்ள கை விட்டீங்க?"

"ஆமா மேடம்."

"வெறி புடிச்ச மாடோ பூனையோ அப்படித்தான் இருக்கும். தொண்டையில ஏதோ சிக்கின மாதிரி. பாசமா வளத்தவங்கதான் கைய விட்டுக் கடி வாங்கிட்டு வருவாங்க. உங்க பூனைக்கு அதுதான்னு நான் சொல்லல. அது இல்லேன்னும் சொல்ல முடியல."

வெறிநோய்க் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறும் என்று விளக்கினார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். அது மேலே போய்ச் சேர்வதற்குள் உடம்பைத் தயார் செய்வதுதான் ஊசியின் வேலை. சேர்ந்துவிட்டால் மருந்தில்லை. அந்தக் காலத்து ஊசி ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. தினம் ஒன்றாக வயிற்றில் போடுவார்கள். சிலருக்கு அந்த ஊசியே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டாம், அதையும் அவர் மறைக்கவில்லை. பூனை பத்து நாள் உயிரோடு இருந்தால் அதற்கு வெறியில்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம். நடுவில் செத்தால் தலையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உடனே தெரிய வேண்டுமென்றால் இப்போதே கொன்று சோதிக்கலாம்.

எதையும் அளந்து கோடு போட்டுப் பழகியவள் நான். அந்த அறையில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: என் உயிர் இனி சுந்தரியின் உயிரோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வலது கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இடது கையில் டிரிப்ஸ். காலையில் வயிற்றில் ஊசி, அது போட்ட இடம் மாலைக்குள் கல்லாகும். புரண்டு படுக்க முடியாது. வயிறு முழுக்க அந்தக் கற்கள் நிறைவதற்குள் என்ன தெரிந்துவிடும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு என் நோய் தெரிந்ததும் தங்கள் டம்ளர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வராந்தாவின் கடைசியில் ஓர் அறை இருந்தது. ஜன்னலுக்கு உள்ளிருந்து கருப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதன் வாசலில் ஒரு பெண் எப்போதும் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். முதல் நாள் குழாயடிக்குப் போகும்போது அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மூச்சுக்கும் அலறலுக்கும் நடுவில் ஒரு சத்தம். உள்ளே இருப்பது வெறிநோய் என்று யாரையும் கேட்காமலே எனக்குப் புரிந்தது.  ஆனாலும் திரும்பி வரும்போது அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

பெயர் அஞ்சலை. திருப்போரூர்ப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்.

"நாயி கட்ச்சி மூணு மாசம் ஆவுதுமா. சின்னக் கடிதான்னு சுண்ணாம்ப வச்சிகினு வேலைக்குப் பூட்டாரு. முந்தா நேத்து தண்ணிய வாங்கி வாய்கிட்ட கொண்டு போனாரு, அப்டியே தூக்கி வீசிட்டாரு. வூட்ல எல்லாம் பேய்னு சொன்னாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனுக்கு இன்னா?"

"பூனை கடிச்சிடுச்சு."

"ஊசி போட்டுகினியா?"

"போடறாங்க."

"உடாத போட்டுக்கோ" என்றாள்.  அதற்குப் பிறகு பகலில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வார்டில் என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

சேகர் தினமும் வந்தார். வெந்நீர்கூடச் சரியாக வைக்கத் தெரியாத மனிதர். அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் உப்புமா. அதைத்தான் காலையும் இரவும் கொண்டுவந்து, என் கைகளைப் பார்த்துவிட்டு, ஸ்பூனால் ஊட்டிவிட்டார். வார்டில் மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் காது சிவக்க ஊட்டினார்.

வீட்டுச் சேதியை நான்தான் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. கஸ்தூரி தன் கோழிக்கூட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "இந்தா சாரு, உள்ள தள்ளி மூடு. நான் கிட்ட வரமாட்டேன்பா" என்று படியிலேயே நின்றுவிட்டாளாம். சுந்தரி கூட்டுக்குள் மூலையில் கிடக்கிறாள். எதையும் தின்னவில்லை, குடிக்கவில்லை. கால்நடை டாக்டர் ஒருவர் வந்து கூட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். வாயைத் திறந்து பார்ப்பது ஆபத்து என்றார், அது நியாயம்தான். மேல் வீட்டு ராகவன் சாருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நல்ல மனிதர். தீபாவளிக்கு முதல் பலகாரம் அவர் வீட்டிலிருந்துதான் வரும். அவர் சேகரிடம் வந்து தயங்கித் தயங்கிப் பேசியிருக்கிறார். பூனை எப்படியும் சாகப்போகிறது. அது தானாகச் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஜீப் ஏற்பாடு செய்கிறேன். செங்கல்பட்டில் விட்டால் வலியில்லாமல் முடித்துத் தலையைச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள், விஜயாவுக்கும் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

"நீ என்ன சொல்ற விஜி?" என்று சேகர் கேட்டார்.

தெரியாமல் கிடப்பதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. தெரிந்தால் போதும் என்று இருந்தது. "சரின்னு சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் ஜீப் வருவதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தைய நாள் மத்தியானம் சேகர் வந்தபோது முகத்தில் ஒரு பெருமை இருந்தது. டிபன் கேரியரைத் திறந்து காட்டினார். சாதம், ரசம் மாதிரி ஒன்று, பொன்னிறமாக ஒரு பொரியல்.

"உப்புமா சாப்பிட்டுச் செத்துட்டேன்னு சொல்லிடக் கூடாதில்ல. கூடையில இருந்ததை எடுத்து நானே பண்ணேன்" என்றார். அன்று கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியைக் கழற்றியிருந்தார்கள். "நானே சாப்பிட்டுக்கறேன், நீங்க மருந்து வாங்கிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினேன். இடது கையால் ஸ்பூனைப் பிடித்து, ஆசையாக நாலைந்து துண்டு சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறையில்லை.

முதலில் நாக்கு நுனி சுரீர் என்றது. மிளகாய் என்று நினைத்தேன். அப்புறம் அது தொண்டைக்குப் போயிற்று. பொடிப்பொடி முள்ளாக உள்ளே குத்தியது. எச்சில் ஊறி ஊறி வந்தது. விழுங்கினால் வலி. விழுங்காவிட்டால் வாயோரம் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். மறுபடி வழிந்தது.

சமையலறை வாசலில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த சுந்தரி கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

நோய் வர வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கடிபட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதும் தெரிந்தது. பயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நர்ஸைக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் அந்தக் கருப்புத் துணி கட்டிய அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தோன்றியது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் அஞ்சலையிடம் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாமா, வாயெல்லாம் வழியுது?" என்றாள்.

"தொண்டை வலிக்குது. முழுங்க முடியல."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அறைக்கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் குடத்தைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

"தண்ணி குடி, பாக்கலாம்."

நான் வாங்கவில்லை.

"குடிமா."

டம்ளரை வாங்கினேன்.  என் வாழ்க்கையில் ஒரு வாய்த் தண்ணீரை அப்படிப் பார்த்ததில்லை. குடிக்க முடியாவிட்டால் என்ன அர்த்தம் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைச் சொல்ல டாக்டர் வேண்டாம். அம்மா முகம் நினைவுக்கு வந்தது. சேகருக்கு உப்புமா மட்டும்தானே தெரியும் என்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன்.

முள் குத்தியது. ஆனால் தண்ணீர் இறங்கிற்று.

"எறங்கிச்சா?"

"எறங்கிடுச்சு."

"இன்னோரு வாட்டி குடி."

குடித்தேன். டம்ளர் முழுவதும் குடித்தேன். அவள் இன்னொன்று பிடித்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன். தொண்டை எரிச்சல் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"அவுருக்குன்னு எட்தாந்த தண்ணிமா. எங்கூரு கெணத்துத் தண்ணி. அதுன்னா அவுருக்கு உசுரு. ஒரு வாய் எறங்கலியே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் உயிர் எனக்குத் திரும்பி வந்த சந்தோஷத்தை அவள் எதிரில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

மருந்தோடு திரும்பி வந்த சேகர் எங்களைப் பார்த்துப் பதறிவிட்டார். எனக்கு இப்போது நிதானம் வந்திருந்தது. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தேன். இந்த அரிப்பு எனக்குப் பழக்கமானதுதான்.

"அது என்ன பொரியல்?"

"கருணைக்கிழங்கு. நீ வாங்கி வச்சதுதான்."

"புளி போட்டீங்களா?"

"பொரியலுக்கு எதுக்குப் புளி?"

கருணைக்கிழங்கு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: புளித்தண்ணீரிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ போட்டு வேகவைக்காவிட்டால் அது காறும். நாக்கும் தொண்டையும் ஊசியால் குத்தின மாதிரி ஆகிவிடும். நான் சிரித்தேன். சிரிப்பு வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. சேகர் தலையில் கை வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அது தைத்தது. எச்சில் வடிவது. விழுங்க முடியாதது. குரல் கம்மியது. என் குரலும் அப்போது கரகரத்துக் கிடந்தது.

"என்னங்க, பானுமதி வீட்டு ஷோ செடி இருக்கில்ல, அந்த இலை எப்படி இருக்கும்?"

"பெருசா இருக்கும். எதுக்கு?"

"சேப்பங்கிழங்கு எலை மாதிரி இல்ல? தண்டு, மடல் எல்லாம் கருணை மாதிரியே இல்ல?"

அவர் என்னையே பார்த்தார். தோட்டத்தில் வளர்ந்தால் கிழங்கு என்று நான்கு தண்ணீரில் அலசுகிறோம். தொட்டியில் வளர்ந்தால் அழகு என்று டிவி பக்கத்தில் வைக்கிறோம்.

"போய்ப் பாருங்க. எலையில கடிச்ச தடம் இருக்கான்னு பாருங்க. நாளைக்கு ஜீப் வர்றதுக்குள்ள பாருங்க."

அவர் போனார். சாயங்காலம் தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து வார்டு நர்ஸ் அறைக்குப் போன் வந்தது. "ரெண்டு எலை ஓரம் பூராவும் கடிச்சிருக்கு விஜி. டிவிக்குப் பின்னால வாந்தி எடுத்துக் காஞ்சு கெடக்கு. நான் ஒரு முட்டாள், இத்தனை நாள் அது பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார். பின்னால் ராகவன் சாரின் குரலும் கேட்டது.

மறுநாள் ஜீப் வந்தது. அதே ஜீப், அதே செங்கல்பட்டு. ஆனால் சேகர் மடியில் கோழிக்கூட்டோடு, பிளாஸ்டிக் பையில் கடிபட்ட இலையோடு போனார். ராகவன் சாரே கூட வந்தாராம். கால்நடை மருத்துவர் இலையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாராம். தடித்த கையுறை போட்டு, மயக்க ஊசி போட்டு, சுந்தரியின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு வீங்கி, மேலண்ணம் முழுக்கப் புண்.

அவர் சொன்னதைச் சேகர் அப்படியே என்னிடம் ஒப்பித்தார். அந்தச் செடிக்கு டைஃபன்பாக்கியா என்று பெயர். கடித்தவரை ஊமையாக்கிவிடும் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டாம். அதன் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றன, கருணையில் இருப்பதும் அதே சரக்குதான். மணி பிளாண்ட்டும் இந்த வகைதான், வீரியம் கொஞ்சம் குறைவு. இவை வாயைப் புண்ணாக்கும், பட்டினி போடும், ஆனால் கவனித்தால் பூனை பிழைத்துவிடும். பிழைக்க விடாத செடிகள் வேறு. ஊட்டியிலிருந்து கிழங்காகக் கொண்டுவந்து வைக்கும் பெரிய லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். ஈச்சங்கன்று மாதிரி இருக்கிறது என்று வாசலில் அழகுக்கு வைக்கும் சைக்கஸ் ஈரலைக் கெடுக்கும். அரளி இதயத்தை நிறுத்தும். செங்காந்தள் கிழங்கு மனிதனையே கொல்லும்.

"அப்ப சுந்தரிக்கு வெறியில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்காதுன்னுதான் நெனக்கிறாராம். ஆனாலும் பத்து நாள் முடியட்டும்னுட்டார். உங்க மேடமும் அதையேதான் சொல்றாங்க. ஊசியை நிறுத்தக் கூடாதாம்."

சரிதான். செடியைக் கடித்த பூனைக்கு வெறி இருக்கக் கூடாது என்று சட்டமில்லை. ஊசி தொடர்ந்தது. வயிற்றில் கற்களும் தொடர்ந்தன. ஆனால் அதற்குப் பிறகு நான் காத்திருந்தது வேறு மாதிரியான காத்திருப்பு. சுந்தரியின் தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார்கள். சேகர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லர் வைத்து அவள் வாயில் சொட்டுச் சொட்டாக ஆறிய பால் விட்டார். பயந்து படியில் நின்ற கஸ்தூரி மீன் வேகவைத்த தண்ணீரைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாளாம். அன்றும் கூட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை.

ஜீப் வந்த அன்று சாயங்காலமே அஞ்சலையின் புருஷன் போய்விட்டார். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதற்கு முன்பே அறை அமைதியாகிவிட்டிருந்தது. ஊரிலிருந்து நாலு பேர் வேனோடு வந்தார்கள். கிளம்பும்போது அவள் வார்டுக்குள் வந்து என் கட்டிலருகே நின்றாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். 

"உம் பூனை இன்னாமா ஆச்சு?" என்று அவள் கேட்டாள்.

"செடிய கடிச்சிருக்கு. பொழச்சிக்கும்னு சொல்றாங்க."

"பொழச்சிக்கட்டும்" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதில் மிச்சத் தண்ணீர் ததும்பும் சத்தம் கேட்டது.

பத்து நாள் கழிந்தது. சுந்தரி சாகவில்லை. கடைசி ஊசிகள் எனக்கு வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கை வீக்கம் வடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, அவள் எலும்பும் தோலுமாகக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு கீச்சு வந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பானுமதி கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்து, கதையைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வீட்டில் தவழ்கிற குழந்தை ஒன்று இருந்தது. பெரிய தொட்டியை அன்றே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டாள், அது உப்புக் காற்றில் கருகிப் போயிற்று. நான் எங்கள் பிளாக்கில் வீடு வீடாக ஏறி, பூனையோ குழந்தையோ இருந்தால் ஜன்னல் ஓரத்தைக் காட்டச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ராகவன் சார் சிரிக்கவில்லை. தன் வீட்டுத் தொட்டியிலிருந்த சைக்கஸை அவரே வேரோடு தோண்டி எடுத்தார்.

அன்று, வீட்டுக்கு வந்த முதல் நாள், நான் கூட்டைத் திறந்துவிட்டேன். சுந்தரி தள்ளாடித் தள்ளாடித் தன் பழைய கிண்ணத்துக்குப் போனாள். குனிந்து, நாக்கை வைத்து, எடுத்தாள்.  மறுபடி வைத்தாள். பிறகு நிறுத்தாமல், சளக் சளக்கென்று, கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தை மறுபடி நிரப்பினேன்.

"இன்னோரு வாட்டி குடி" என்றேன்.